வெர்லினின் அம்மா விற்ற கார்

அமெரிக்கச் சிற்றூர் ஹெர்மன்ஸ்பர்க்கில் வியாழக்கிழமை சாயங்காலம் வெர்லின் போர்ச்சர்ஸைத் தேடுகிறவர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. நேரே, ரூட் பியர் என்ற இனிப்பு சோடா விற்கும் ராக்ஸியின் கடைக்குப் போய்விடுவார்கள். குளிர் விட்ட நாளிலிருந்து சோள அறுப்பு தொடங்கும்வரை அந்தக் கடை வாசலில் பழைய கார்கள் வரிசைகட்டி நிற்கும். எல்லாக் காரும் பானெட்டைத் தூக்கி வாயைப் பிளந்திருக்கும். பின்னால் மடக்கு நாற்காலியில் காரின் சொந்தக்காரர், பக்கத்தில் அவர் மனைவி, நடுவில் ஐஸ் பெட்டி. சிலர் முன் பம்பரில் ஒரு பொம்மையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நிஜக் குழந்தையின் உயரத்தில், சட்டை, ஷூ எல்லாம் போட்டு, திட்டு வாங்கி அழுகிற பிள்ளையைப் போல முகத்தைக் கைகளில் புதைத்து நிற்கும் பொம்மை. அது எதற்கென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துக் காரில் இருக்கிறது, அதனால் நம் காரிலும் இருக்கிறது.

வெர்லினுக்கு அந்த வரிசையில் நிறுத்துகிற மாதிரி ஒரு காரும் கிடையாது. அவர் வருவது சாம்பல் நிற மினிவேனில். அதையும் ஒரு தெரு தள்ளி மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வருவார். ஆனால் கருத்து மட்டும் எல்லாக் காருக்கும் கைவசம் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து நஷ்டஈட்டைக் குறைப்பதையே உத்தியோகமாகச் செய்தவர். எந்தக் காரைப் பார்த்தாலும் அவர் கண் நேரே குறையில்தான் போய் நிற்கும்.

"இந்த ரேடியேட்டர் ஹோஸ்ல போட்டிருக்கற கிளிப் அறுபத்தாறுல வந்ததே இல்ல," என்பார். சொந்தக்காரர் ஏழு குளிர்காலம் கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் காரைத் தேய்த்திருப்பார். விரல் நகமெல்லாம் கறுத்திருக்கும். வெர்லினுக்கு அதெல்லாம் கண்ணில் படாது, கிளிப்தான் படும். "அப்புறம் பெயின்ட்டு. ரொம்ப நல்லா இருக்கு. ஃபாக்டரியில இவ்வளவு நல்லா அடிக்கவே மாட்டான். கதவுக்கு அடியில கொஞ்சம் வழிஞ்சிருக்கணும்."

"வழிய விடணுமா?" என்று அந்த மனுஷன் பரிதாபமாகக் கேட்பார்.

"அசல்னா அசலா இருக்கணும்."

ஒருவர் உண்மையிலேயே அடுத்த வருஷம் கதவுக்கு அடியில் பெயின்ட்டை வழியவிட்டுக் கொண்டுவந்தார். வெர்லின் குனிந்து பார்த்துவிட்டு, வழிந்திருக்கிற இடம் தப்பு என்றார்.

குறை சொல்லாத நேரத்தில் புகழ்வார். அவர் புகழ்ந்ததெல்லாம் இப்போது இல்லாத சங்கதிகளை. முன் ஜன்னல் ஓரத்தில் இருந்த முக்கோணக் கண்ணாடியை எந்த வருஷம் எடுத்தார்களோ அந்த வருஷம்தான் நாடு கெட ஆரம்பித்தது என்பது அவருடைய கட்சி. "அதைத் திருப்பி விட்டா மூஞ்சில காத்து பிச்சுக்கிட்டு வரும். இப்ப ஏசியைப் போட்டுக்கிட்டு மூக்கை உறிஞ்சறானுங்க." முன்சீட்டைப் பற்றியும் வைத்திருந்தார். "சோபா மாதிரி ஒரே சீட்டு. கூட வர்ற பொண்ணு நகர்ந்து நகர்ந்து பக்கத்துல வந்துருவா. இப்ப நடுவுல காப்பி டம்ளர் வெக்கறதுக்கு ஓட்டை போட்டிருக்கான். ஊர்ல இத்தனை விவாகரத்து ஏன்னு நினைக்கறே? அந்த ஓட்டைதான்."

"டாஷ்போர்டு முழுக்க இரும்பு. தட்டினா கணீர்னு சத்தம் வரும்," என்பார் அடுத்து.

"தலை போய் முட்டினாலும் அதே சத்தம்தான் வரும்," என்பார் கேலன் ஆஸ்டர். பன்றிப் பண்ணையை மகனிடம் கொடுத்துவிட்டு, பச்சை நிறப் பழைய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு, இந்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷராக இருந்ததால்தான் பின்னால் வந்த வம்பெல்லாம் வந்தது.

"டிக்கியைப் பாரு. ஒரு முழு மாட்டைப் படுக்க வெக்கலாம்."

"நீ எத்தனை மாடு வெச்சே வெர்லின்?" என்று ராக்ஸி ஜன்னலுக்குள் இருந்து கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள். வெர்லின் அசர மாட்டார். "இடது காலுக்கு அப்பல்லாம் வேலை இருந்துச்சு. கிளட்ச்சை மிதிக்கணும். பக்கத்துலயே தரையில டிம் லைட் பொத்தான், அதையும் மிதிக்கணும். இப்ப இடது கால் பென்ஷன் வாங்கிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கு," என்று தன் இடது காலைத் தட்டிக் காட்டுவார்.

இவ்வளவு பேசுகிறவரை ஏன் யாரும் அடித்து விரட்டவில்லை? அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். யார் எந்தக் காரின் முன்னால் நின்றாலும், "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு, வித்திருக்கவே கூடாது," என்று ஒரு பெருமூச்சு விட வேண்டும். வணக்கம் சொல்வது மாதிரி அது. ஒருவர் குழந்தை பிறந்ததென்று விற்றிருப்பார், ஒருவர் கல்யாணத்துக்காக. எல்லாருடைய கதையிலும் கார் போய்விட்டிருக்கும், துக்கம் மட்டும் மிச்சமிருக்கும். அந்தத் துக்கத்தில் வெர்லினுடையதுதான் ஊரிலேயே பெரியது.

அறுபத்து நாலாம் வருஷத்து பான்டியாக். நெருப்புச் சிவப்பு. மேல்கூரை மடக்கலாம். நாலு கியர், பெரிய எஞ்சின். பத்தொன்பது வயதில் கோடையெல்லாம் வைக்கோல் கட்டிச் சம்பாதித்து வாங்கினார். பட்டாளத்துக்கு ஆளெடுத்தபோது ஜெர்மனிக்குப் போக வேண்டி வந்தது. காரைக் கொட்டகையில் நிறுத்தி, கம்பளி போர்த்திவிட்டுப் போனார். திரும்பி வந்தால் கொட்டகையில் கோழிகள். "எங்கம்மா வித்துட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல," என்று முடிக்கும்போது அவர் குரல் சரியான இடத்தில் கம்மும். கேட்டவர்கள் ரூட் பியர் வாங்கிக் கொடுப்பார்கள். ஏன் இன்னொன்று வாங்கவில்லை என்று யாராவது கேட்டால், "அதுக்கப்புறம் மனசு எதுலயும் ஒட்டல," என்பார்.

அத்தனையும் பச்சைப் புளுகு. பட்டாளத்துக்குப் போகும் முன் வெர்லின் ஓட்டியது அப்பாவின் வெளிறிய மண்நிற நாலு கதவு வண்டி. ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, டிம் பொத்தானைத் தவிர. அவர் ஜெர்மனியில் இருந்த காலம் முழுக்க அந்த வண்டியை அப்பாதான் ஓட்டிக்கொண்டிருந்தார். யாரும் எதையும் விற்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் முதல்முறையாக அந்தக் கூட்டத்துக்குப் போனபோது எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் தங்கள் காரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். முறை வெர்லினிடம் வந்தது. எதிரே ஒரு சிவப்பு பான்டியாக் நின்றது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. விற்றவர் என்று யாராவது வேண்டுமே? அம்மா இருந்தார்.

அம்மாவுக்கு அல்வீனா என்று பெயர். முதலில் கேள்விப்பட்டபோது, "எந்தக் கார்டா?" என்று கேட்டார். "சும்மா தமாஷுக்கும்மா," என்றார் வெர்லின். மகனை நாலு பேர் முன் பொய்யனாக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? சர்ச் விருந்தில் பெண்கள், "பையன் காரை வித்தவங்க இவங்கதான்," என்று கேலி செய்தபோது அல்வீனா தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார். வருஷங்கள் போயின. எண்பத்தேழு வயதில் லூத்தரன் முதியோர் இல்லத்தில், மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்தது. செத்துப்போன தங்கைக்குக் கிறிஸ்துமஸ் கார்டு போட்டார். ஆனால் ஊரெல்லாம் சேர்ந்து ஓயாமல் சொன்ன விஷயம் மட்டும் மறக்கவில்லை. காரை வாங்க வந்தவன் வைக்கோல் தொப்பி போட்டிருந்தான் என்பது வரைக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு மழை பெய்ததாம்.

இது எங்கே போய் நின்றது என்று வெர்லினுக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மனைவி டார்லா முதியோர் இல்லத்திலிருந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"உங்கம்மா காரை வாங்கிட்டாங்க."

"எந்தக் காரை?"

"நீ ஓட்டாத காரை."

வெர்லின் தொலைக்காட்சியை நிறுத்தினார். டார்லா உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நாளிலேயே அந்த மண்நிற வண்டியில் அவரோடு ஊர் சுற்றியவள் அவள், அதனால் அவளிடம் புளுக முடியாது. அல்வீனா நாலு மாதம் முன்பே கேலனைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். சாவதற்குள் அந்தக் கார் மாதிரி ஒன்று வேண்டும், மகன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்றிருக்கிறார். கேலன் அலையோ அலையென்று அலைந்து, கென்டக்கியில் ஒரு மாட்டு டாக்டரிடம் கண்டுபிடித்துவிட்டார். தன் சவப்பெட்டிக்கும் அடக்கத்தன்று சர்ச்சில் போடும் சாப்பாட்டுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தை அல்வீனா எடுத்துக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் கொடுக்கப் போகிறார்கள்.

"வெர்லின் என்னை மன்னிப்பானான்னு கேட்டாங்க," என்றாள் டார்லா. "கையில இருந்த நாப்கினைக் கிழிச்சுக்கிட்டே கேட்டாங்க. வியாழக்கிழமைக்கு முன்னாடி போய் உண்மையைச் சொல்லிடு."

"இந்த வயசுல அவங்களுக்கு அதிர்ச்சி குடுக்கக் கூடாது டார்லா."

"அவங்களுக்கா, உனக்கா?"

செவ்வாய்க்கிழமை வெர்லின் போனார், போகவில்லை என்று சொல்லக் கூடாது. அம்மா ஹாலில் பிங்கோ விளையாடிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் திருட்டுத்தனமாகச் சிரித்துக் கையாட்டினார். வெர்லின் வாசலிலேயே நின்றார். பிங்கோ முடியட்டும் என்று வெளியே வந்தவர், தோட்டத்துப் பெஞ்சில் சக்கர நாற்காலியோடு இருந்த ஒரு பெரியவரிடம் முக்கோணக் கண்ணாடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தப் பெரியவருக்கும் ஒரு கார் இருந்ததாம், விற்றிருக்கக் கூடாதாம். பேசி முடித்தபோது அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம். வெர்லின் வீட்டுக்கு வந்துவிட்டார். புதன்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஆச்சரியப்படுவது எப்படி என்று பழகினார். வாயைப் பொத்திக்கொள்வதா, தொப்பியைக் கழற்றுவதா? தொப்பி என்று முடிவானது. கதவிடுக்கு வழியாக டார்லா இதைப் பார்த்தாள். கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை ராக்ஸியின் கடை வாசலில் நிற்க இடமில்லை. நடுவில் போர்வை போர்த்திய கார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அல்வீனா, சர்ச்சுக்குப் போடும் நீல உடையில், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு. கேலன் போர்வையை இழுத்தார். வெர்லின் தொப்பியைக் கழற்றினார். ஆனால் அதற்கப்புறம் பழகியதெல்லாம் தேவைப்படவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கழற்றிய தொப்பியைத் திரும்பப் போட நிஜமாகவே மறந்துவிட்டார். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவரே நம்பி, அவரே இழந்து, அவரே துக்கம் கொண்டாடிய கார் கண் முன்னால் நின்றது. ஹோஸ் கிளிப்பைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"கிட்ட வாடா," என்றார் அல்வீனா. சாவியை அவர் கையில் வைத்தார். "உன்னைக் கேக்காம வித்துட்டேன். கேட்டிருக்கணும். நீ அங்க பட்டாளத்துல கஷ்டப்படறே, நான் இங்க உன் காரை வித்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வரலடா எனக்கு. என்னை மன்னிச்சுடு."

ராக்ஸி ஏப்ரனில் கண்ணைத் துடைத்தாள். டார்லா வெர்லினையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கான இடத்தில் வெர்லின் போர்ச்சர்ஸ் குனிந்து, அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்து, பெருந்தன்மையாகச் சொன்னார்:

"விடும்மா. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. டார்லா தரையைப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் பண்ணு வெர்லின்! சத்தத்தைக் கேப்போம்!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் கத்தினார்கள். வெர்லின் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தடவினார். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி, "பாத்தீங்களா!" என்றார். சாவியை நுழைத்துத் திருகினார்.

நாலு கியர் பழைய வண்டியைச் சும்மா நிறுத்தும்போது கியரில் போட்டுத்தான் நிறுத்துவார்கள். கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருகினால் அந்தக் காலத்து வண்டி மன்னிக்காது, முன்னால் பாயும். அங்கே இருந்த பதினாறு வயதுக்காரனுக்குக்கூட இது தெரியும். வெர்லினுக்கும் தெரியும், பத்திரிகையில் படித்திருக்கிறார், இடது காலைப் பற்றிப் பிரசங்கமே செய்திருக்கிறார். ஆனால் கால் பத்திரிகை படிப்பதில்லை. அது வாழ்நாளெல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டியில் சும்மா கிடந்த கால். அப்போதும் சும்மாதான் கிடந்தது.

கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்தது. எதிரே நின்ற காரின் பம்பரில் சாய்ந்திருந்த பொம்மை எகிறிப் போய் விழுந்தது. "ஐயோ, குழந்தை!" என்று ஒரு பெண் வீறிட்டாள். வெர்லின் பதறிப்போய் மறுபடி சாவியைத் திருகினார். கார் மறுபடி குதித்து, பொம்மையின் மேலேயே போய் நின்றது.

கேலன் ஓடி வந்து சாவியைத் திருப்பி உருவிக்கொண்டார். பொம்மை என்று தெரிந்ததும் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாருமே கார்க்காரர்கள். தாங்கள் பார்த்தது என்னவென்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் வெர்லின், கிளட்ச்சை மிதிக்கலையா?" என்று கேலன் மெதுவாகக் கேட்டார்.

"மறந்துட்டேன்ப்பா. உணர்ச்சிவசப்பட்டு..."

"ரெண்டு தடவையா?"

அல்வீனா அந்த ஊரில் நாற்பது வருஷம் டிராக்டரும் தானிய லாரியும் ஓட்டியவர். மத்தியானச் சாப்பாடு மறக்கலாம், கிளட்ச் மறக்காது. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கார் கதவருகே வந்தார்.

"வெர்லின். இந்த மாதிரி வண்டியை நீ ஓட்டினதே இல்லையா?"

வெர்லின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் முப்பது வருஷமாக அவருக்கு ரூட் பியர் வாங்கிக் கொடுத்தவர்கள்.

"இல்லம்மா."

"உன் பான்டியாக்?"

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா. அப்பாவோட மண்கலர் வண்டிதான்."

"அப்ப நான் விக்கலையா?"

"விக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா."

"அந்த வைக்கோல் தொப்பிக்காரன்?" என்றார் அல்வீனா. "மழையில நின்னானே?"

"அப்படி யாருமே வரலம்மா."

அல்வீனா அவனைத் தேடுவதுபோலக் கூட்டத்தில் ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்தார். இல்லாத ஒரு மனிதனைத் தலையிலிருந்து வெளியே அனுப்ப நேரம் பிடிக்கும்போலிருக்கிறது. டார்லா வந்து அவர் தோளில் கை வைத்தாள். கடைசியில் அல்வீனா கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

கேலன் சாவியைக் கொடுத்தார். வெர்லின் காரிலிருந்து இறங்கி, எங்கே நிற்பதென்று தெரியாமல் பானெட் பக்கத்தில் போய் நின்றார்.

"கேலன், இது இப்ப யார் வண்டி?"

"பேரு மாத்த நாளைக்குத்தான் போறதா இருந்தோம். இன்னும் உங்க வண்டிதான் மிஸஸ் போர்ச்சர்ஸ்."

"உனக்கு வேணுமா?"

கேலன் காரைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை பளிச்சென்று தெரிந்தது, பாவம், நாலு மாதம் அதன் பின்னாலேயே அலைந்தவர். "வேணும்தான்."

"நான் குடுத்ததையே குடு. ஒரு டாலர் குறைச்சுக் கேக்காதே. எனக்கு நல்ல பெட்டியா வாங்கணும்."

"விலையில ஒண்ணும் பிரச்சினை இல்ல, மிஸஸ் போர்ச்சர்ஸ்." கேலன் பானெட் பக்கம் நின்ற வெர்லினைச் சங்கடமாகப் பார்த்தார். "வெர்லினை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

அல்வீனா சாவியைக் கேலனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"அன்னிக்கு மட்டும் அவனைக் கேட்டா வித்தேன்?"